மசாரிக்கைப் பற்றி ஒரு மணி நேரம்

ஞாயிறு கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டீர்கள், சம்பந்தப்பட்டவன் நானும் எழுதிவிடுகிறேன். நான் கேட்டது ஒரே கேள்வி. செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ஜனாதிபதி தொமாஷ் மசாரிக்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியவர் 1886-ஐயும் 1899-ஐயும் ஏன் தொடவே இல்லை? "நல்ல மனுஷனைப் பற்றிப் பேசும்போது சர்ச்சை எதுக்கு சார்" என்றார்கள். அரங்கில் ஒரே சிரிப்பு. மைக்கையும் வாங்கிக்கொண்டார்கள்.

அந்தச் சர்ச்சையை எடுத்துவிட்டால் மசாரிக் யார்? வண்டியோட்டியின் மகன், கொல்லுப்பட்டறையில் கொஞ்ச நாள், வியன்னாவில் டாக்டர் பட்டம், அமெரிக்க மனைவி, 1918-ல் ஜனாதிபதி. இது பயோடேட்டா, எந்த விக்கியிலும் கிடைக்கும்.

1817-லும் 1818-லும் செக் மொழிப் பழம்பாடல்கள் கொண்ட இரண்டு சுவடிகள் 'கண்டெடுக்கப்பட்டன'. ஜெர்மானியர்களுக்கு நாங்கள் எந்த விதத்திலும் குறைந்தவர்கள் இல்லை என்று சொல்ல செக் மக்களுக்கு அவைதான் ஆதாரம், இரண்டு தலைமுறை அதில்தான் தலை நிமிர்ந்து நடந்தது. 1886-ல் மசாரிக் தன் பத்திரிகையில் யான் கெபாவர் என்ற மொழியறிஞருக்கு இடம் கொடுத்தார், தானும் எழுதினார்: இவை போலி. வெளியிலிருந்து வந்த எதிரி சொல்லவில்லை, செக் பேராசிரியர் சொன்னார். துரோகி என்று பத்திரிகைகள் கிழித்தன. பொய்யின் மேல் தேசப்பெருமையைக் கட்டாதே என்பதுதான் அவர் வாதம். இது சர்ச்சையாம்.

1899 இன்னும் மோசம். போல்னா என்ற சிற்றூரில் 19 வயதுப் பெண் கொலை. யூதர்கள் சடங்குக்காக ரத்தம் எடுத்தார்கள் என்று வதந்தி, லியோபோல்ட் ஹில்ஸ்னர் என்ற ஏழை யூத இளைஞனுக்கு மரண தண்டனை. வழக்கை மறுவிசாரணை செய் என்று மசாரிக் சிறுநூல் போட்டார், அரசு பறிமுதல் செய்தது. அவருடைய மாணவர்களே வகுப்பில் கூச்சலிட்டு விரட்டினார்கள், விரிவுரை நின்றது. சிறுவயதில் தானும் அந்தக் கட்டுக்கதையை நம்பிப் பயந்தவன் என்று பின்னாளில் அவரே சொன்னார். இதற்கு நேரமில்லை, ஆனால் மசாரிக் தாத்தா குதிரை மேல் உட்கார்ந்திருக்கும் புகைப்படங்களுக்கு நேரம் இருந்தது.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் கேட்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நகை காணாமல் போனது, துணி தேய்க்க வருபவர் மேல் பழி. "யார் பார்த்தது?" என்று கேட்டது எங்கள் அப்பா மட்டும். அதோடு சரி, பொங்கலுக்குக்கூட யாரும் எங்கள் வீட்டுப் படியேறவில்லை, அம்மாவுக்குத் தண்ணீர்க் குழாயடியில் பேச ஆள் இல்லை. நகை கடைசிவரை கிடைக்கவும் இல்லை, அதனால் அப்பா சொன்னது நியாயம் என்று யாரும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. "எதுக்கு சார் சர்ச்சை" என்ற தொனியை நான் வீட்டுக்குள்ளிருந்தே கேட்டு வளர்ந்தவன்.

உடனே வருவீர்கள், தெரியும். செக் மக்களோடு ஒரே நாடாகச் சேர்ந்த ஸ்லோவாக்குகளுக்கு 1918-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கொடுத்த வாக்கு என்ன ஆயிற்று, 1919 மார்ச்சில் ஜெர்மானிய ஆர்ப்பாட்டக்காரர்கள் மேல் சுட்டது யார் ஆட்சியில் என்று. சரி, கேளுங்கள். ஸ்லோவாக்குகளுக்குத் தனிச் சட்டமன்றம் என்றார்கள், 1920 அரசியல் சட்டத்தில் அது இல்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீங்களும் இதைக் கேட்கவில்லையே, கைதானே தட்டினீர்கள்? என்னை அடக்க மட்டும் இன்று ஸ்லோவாக்குகள் மேல் பாசம் பொங்குகிறது.

இன்னொருவர், "அவர் ஜெயித்ததால்தான் நீங்கள் பேசுகிறீர்கள்" என்று எழுதியிருக்கிறார். 1899-ல் அவர் ஜெயிக்கவில்லை ஐயா. ஹில்ஸ்னரின் மரண தண்டனை ஆயுளாகக் குறைந்தது, அவ்வளவுதான். 1918-ல் ஆஸ்திரியப் பேரரசர் மன்னித்து விடுவிக்கும்வரை, ஏறக்குறைய 19 வருடம், உள்ளேதான் இருந்தார். அதுவும் மன்னிப்புத்தான், குற்றமற்றவர் என்ற தீர்ப்பு சாகும்வரை அவருக்கு வரவில்லை. அதே வருட இறுதியில் மசாரிக் ஜனாதிபதியாக ப்ராக் திரும்பினார். வழக்கில் தோற்றவரைத்தான் நாட்டை நடத்தக் கூப்பிட்டார்கள்.

அடுத்த மாதம், மசாரிக்குக்குப் பின் ஜனாதிபதியான எட்வர்ட் பெனெஷ் பற்றிப் பேச்சாம். 1945 முதல் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 30 லட்சம் ஜெர்மானியர்களைப் பற்றிக் கேட்பேன். மைக் தராவிட்டாலும் பரவாயில்லை, என் குரல் கடைசி வரிசைவரை கேட்கும்.