பழகிவிடும் என்று சொல்லாதீர்கள்

நெடுஞ்சாலையை ஒட்டிக் குடியிருக்கிறேன் என்று சொன்னால் பெரும்பாலானவர்கள் ஒரே ஆறுதலைத்தான் சொல்கிறார்கள்: "கொஞ்ச நாளில் பழகிவிடும்." நல்ல மனதோடு சொல்கிறார்கள், தெரியும். ஆனாலும் அது உண்மையில்லை. அதை நம்பி எத்தனையோ குடும்பங்கள் செய்யக்கூடியதைக்கூடச் செய்யாமல் இருந்துவிடுகின்றன என்ற ஆற்றாமையில்தான் இதை எழுதுகிறேன்.

பழகுவது மனம் மட்டும்தான். லாரி சத்தத்துக்கு நீங்கள் திடுக்கிட்டு எழுவது நின்றுபோகலாம். உறங்கும் உடம்போ ஒவ்வொரு ஹாரனையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இதயத் துடிப்பு ஏறி இறங்குகிறது, ஆழ்ந்த உறக்கம் மேலோட்டமாகிறது. காலையில் எழுந்தவருக்கு ஒன்றும் நினைவிருப்பதில்லை. வருடக்கணக்கில் இது தொடர்ந்தால் ரத்தக் கொதிப்புக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பிய நாடுகளுக்காக 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், சாலைப் போக்குவரத்தின் இரவு நேரச் சராசரி இரைச்சல் வீட்டுக்கு வெளியே 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. கனரக வண்டிகள் விடிய விடிய ஓடும் சாலையோரத்தில் அந்த அளவை நினைத்துப் பார்க்கவும் முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பழக்கமே கேடாக முடிகிறது. நியூயார்க்கில் ஒரு விரைவுச்சாலைக்கு நேர் மேலேயே 32 மாடிக் குடியிருப்புகளைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே வளர்ந்த பிள்ளைகளைச் சோதித்த கோஹன், கிளாஸ், சிங்கர் என்ற மூன்று உளவியலாளர்கள் 1973-இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். சத்தம் அதிகமான கீழ்த்தளங்களில் வசித்த பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும் சொற்களைப் பிரித்தறியவும் வாசிக்கவும் மேல்தளப் பிள்ளைகளைவிடத் திணறினார்கள். இரைச்சலைக் காதில் வாங்காமலிருக்கப் பழகும் பிள்ளை, அதோடு சேர்த்துப் பேச்சின் நுணுக்கங்களையும் காதில் வாங்காமல் விட்டுவிடுகிறது என்பதுதான் அவர்கள் தந்த விளக்கம். அந்தப் பிள்ளைகளும் பழகிக்கொண்டவர்கள்தான்!

சத்தமாவது காதுக்குத் தெரிகிறது. காற்றில் இருப்பது அப்படித் தெரிவதில்லை. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் அறிவித்துவிட்டது. புகையோடு, டயரும் பிரேக்கும் தேய்ந்து பறக்கும் தூளும் இருக்கிறது. எல்லா வண்டிகளும் மின்சாரத்துக்கு மாறினாலும் டயர் தேயத்தான் செய்யும். வேகமாகப் போகும் காரில் எஞ்சினைவிட டயர் உராயும் சத்தமே பெரிது என்பதால், இரைச்சலும் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது.

லண்டனில் போக்குவரத்து நிறைந்த ஒரு வட்டச்சாலை அருகே வளர்ந்த எலா அடூ கிஸ்ஸி டெப்ரா என்ற சிறுமி, கடும் ஆஸ்துமாவால் 2013-இல் ஒன்பது வயதில் இறந்தாள். அவள் தாய் விடாமல் போராடினார். காற்று மாசும் அந்த மரணத்துக்குக் காரணம் என்று 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கியது வேறொரு வரி. மாசினால் வரும் ஆபத்தைப் பற்றித் தாய்க்கு யாருமே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்கக்கூடிய நடவடிக்கைகள் மகளைக் காப்பாற்றியிருக்கலாம் என்றது அது. பழகிவிடும் என்று சொல்லி வாயடைப்பதை நான் ஏன் இவ்வளவு வெறுக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

ஆகவே தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாலையிலிருந்து சில நூறு மீட்டர் தள்ளிப் போனாலே வண்டிப் புகையின் மிக நுண்ணிய துகள்கள் வெகுவாகக் குறைந்துவிடும். வீடு தேடுபவர்கள் பகலில் மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். நள்ளிரவில் ஒருமுறை அங்கே போய் நின்று பாருங்கள். ஏற்கெனவே குடியிருப்பவர்கள் சாலைக்கு எதிர்ப்பக்கத்து அறையைப் படுக்கையறையாக்குங்கள், முதலில் பிள்ளைகளுக்கு. ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காததுபோல, ஜன்னலில் இடுக்கு இருந்தால் எத்தனை கனமான கண்ணாடி போட்டும் பயனில்லை. ரப்பர் பட்டை ஒட்டி இடுக்கை அடைப்பதுதான் முதல் வேலை. கண்ணாடியை மாற்றுவது அதற்குப் பிறகு.

ஜன்னலை எப்போது திறக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். விடியற்காலைக் காற்று சுத்தமானது என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. சாலையோரத்தில் அது பொருந்தாது. குளிர்ந்த காற்று தரையோடு தேங்கி நிற்கும் அந்த நேரத்தில் புகை மேலே கலையாமல் வெகுதூரம் பரவுகிறது. வெயில் ஏறிக் காற்று கலந்த பிறகு, சாலைக்கு மறுபக்கத்து ஜன்னல்களைத் திறப்பது நல்லது. நாள் முழுதும் அடைத்தே வைத்தால் உள்ளே நாம் விடும் மூச்சுக் காற்றே தேங்கிவிடும். வசதியிருந்தால் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பானைப் படுக்கையறையில் வையுங்கள். அது துகளைத்தான் பிடிக்கும், வாயுவைப் பிடிக்காது. அதற்குக் கரி வடிகட்டி தனியாக வேண்டும். கறுப்பாகப் படியும் தூசியை உலர்ந்த துடைப்பத்தால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டுக்குள் வைக்கும் நாலு பூந்தொட்டிகள் காற்றைச் சுத்தம் செய்துவிடும் என்பதை நம்ப வேண்டாம். சாலையோரத்து ஒற்றை வரிசை மரங்களும் கண்ணுக்குத்தான் குளிர்ச்சி. சத்தத்தைக் குறைக்க அடர்ந்த தோப்பு அளவுக்கு மரம் வேண்டும்.

இத்தனையும் வீட்டுக்குள் நாம் செய்துகொள்பவை. ஆனால் சாலையை நாம் போடவில்லை. வண்டிகளைப் பாதியாகக் குறைத்தாலும் சராசரி இரைச்சல் 3 டெசிபல்தான் குறையும் என்பது ஒலியின் கணக்கு. எனவே இரவு வேகக் கட்டுப்பாடு, சத்தம் குறைந்த தார்த்தளம், ஒலித் தடுப்புச் சுவர் எல்லாமே சேர்ந்து வர வேண்டும். பெருஞ்சாலையிலிருந்து 500 அடிக்குள் புதிய பள்ளி அமைவதைக் கலிபோர்னியா 2003-இலேயே சட்டத்தால் கட்டுப்படுத்தியது. பிள்ளைகள் இரவெல்லாம் படுத்துறங்கும் வீடுகளுக்கும் அப்படி ஒரு தூரம் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் பகுதியில் சாலையை அகலப்படுத்தும் திட்டம் வந்தால், கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு அவசியம் போங்கள். இரவு இரைச்சலை எங்கே, எத்தனை மணிக்கு அளந்தார்கள் என்று கேளுங்கள். தடுப்புச் சுவர் வரைபடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாலையைப் பார்வையிலிருந்து மறைக்கும் உயரம் இருந்தால்தான் அந்தச் சுவர் பயன்படும். அது எந்த மாடி வரை மறைக்கும் என்பதை எழுத்துமூலம் வாங்கிவிடுங்கள், வேலை தொடங்குவதற்கு முன்பே.