குடியுரிமை வைபவத்தை ஊர்ப் பொது மண்டபத்தில் வையுங்கள்

அண்ணி உறுதிமொழி எடுத்து அவுஸ்திரேலியப் பிரஜையான வைபவத்தின் படங்களைச் சனிக்கிழமை போட்டு, இதைக் கிளப்பில் வைத்தது சரியில்லை என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நடந்த சண்டையைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக் களைத்துவிட்டேன். எல்லோருக்குமாக இங்கே ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கவுன்சில், அதாவது நகரசபை, நகர மண்டபத்தைத் திருத்த வேலைக்காக மூடியிருக்கிறது. சரி, பழைய கட்டடம், திருத்தத்தான் வேண்டும். ஆனால் குடியுரிமை வைபவத்தை நெடுஞ்சாலை ஓரத்துக் கிளப்பின் மேல்மாடிக்குக் கொண்டுபோனதுதான் பொறுக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸ் கிளப் எப்படி இருக்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும். அண்ணி பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாசலுக்குப் போனால், முதலில் லைசென்ஸைக் காட்டிப் பதிய வேண்டும். உடனே விருந்தாளி என்று அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு வரும். அதைக் கையில் பிடித்தபடி போக்கி என்கிற சூதாட்ட மெஷின் அறையைக் கடந்துதான் லிப்டுக்குப் போகலாம். இந்த நாட்டின் பிரஜையாகிற நாளில் விருந்தாளிச் சீட்டோடு உள்ளே போனார் அண்ணி.

எங்களுக்கு முன்னால் நின்ற குடும்பத்தின் பெரியவர் உள்ளேயே வரவில்லை. சூதாடுகிற, மது விற்கிற இடத்துக்குள் வரமாட்டேன் என்று காரிலேயே இருந்துவிட்டார். மகள் உறுதிமொழி எடுத்ததை அவர் பார்க்கவே இல்லை. இதை யாராவது யோசித்தார்களா?

இந்த வைபவம் ஊருக்குப் பொதுவான இடத்தில்தான் நடக்க வேண்டும். யாரிடமும் பெயர் பதியாமல், எந்த மதத்தவரும் கூச்சப்படாமல் நுழையக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் முதல் குடியுரிமை வைபவம் 1949 பெப்ரவரி 3 அன்று கன்பராவில் அல்பர்ட் ஹோலில் நடந்தது. ஏழு பேர் உறுதிமொழி எடுத்தார்கள். அது மாளிகை இல்லை, ஊர்ச்சனம் நடனத்துக்கும் கூட்டத்துக்கும் போய்வந்த மண்டபம். அதற்குள் அன்று எங்களை மாதிரி நிறமுள்ளவர்களுக்கு இடமிருந்திராது என்பது வேறு கதை. ஆனாலும் அந்த இடம் சரியான இடம்.

ஜனவரி 26 அவுஸ்திரேலியா தினம், பூர்வகுடிகள் பலருக்கு அது துக்க நாள். அந்தத் திகதி விஷயத்துக்கு எவ்வளவு சண்டை! அன்று வைபவம் வைக்க மாட்டோம் என்றதற்காக 2017இல் மெல்பேணில் யாரா, டாரபின் கவுன்சில்களிடமிருந்து வைபவம் நடத்தும் உரிமையையே மத்திய அரசில் இருந்தவர்கள் பறித்தார்கள். 2019இல் ஆடைக்கு விதி வகுக்கச் சொன்னார்கள். 2022 கடைசியில், முன்பின் மூன்று நாளுக்குள் வைக்கலாம் என்று தளர்த்தினார்கள். திகதிக்கு இவ்வளவு, உடுப்புக்கு இவ்வளவு. இடத்தைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் அக்கறை இல்லை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். அப்பா இலங்கை மலையகத்தில் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளி மலையகத் தமிழரான எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் ஸ்ரீமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் உனக்கு இத்தனை பேர், எனக்கு இத்தனை பேர் என்று தலைக்கணக்குப் பார்த்துப் பங்கிட்டார்கள். நாடற்றவர்களுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை தந்த 1988ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அப்பா எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத மனிதர். கடைசியில் கச்சேரியில், அதாவது மாவட்ட அரச அலுவலகத்தில், சத்தியக்கடதாசியோடு வரிசையில் நின்று பிரஜாவுரிமை வாங்கினார். கிளார்க் ஜன்னலுக்குள்ளால் கடதாசியைத் தள்ளினார், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

அதே அப்பா இங்கே நகர மண்டபத்தில், அந்தத் தேக்குப் பலகைத் தளத்தில் நின்று உறுதிமொழி வாசித்தார். கடவுள் பெயரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு உண்டு. அப்பா கடவுள் பெயரோடு எடுத்தார். கையில் அட்டை நடுங்கியது. மேயர் அவர் பெயரை எப்படிச் சொல்வது என்று முதலே கேட்டுவைத்து, பிழையில்லாமல் கூப்பிட்டார். அப்பாவுக்கு அன்றுதான் ஒரு அரசாங்கம் எழுந்து நின்று கைகொடுத்தது. அந்த மரியாதை அண்ணிக்கும் கிடைத்திருக்க வேண்டும்.

"சான்றிதழ்தானே முக்கியம், மண்டபமா?" என்கிறார் ஒரு தம்பி. உறுதிமொழி சொல்லும் அந்த நேரத்தில்தான் சட்டப்படி பிரஜையாகிறோம் தம்பி, சான்றிதழ் அதற்கு அத்தாட்சி மட்டுமே. அந்த நேரம் எங்கே நடக்கிறது என்பது முக்கியமில்லை என்றால், வைபவமே தேவையில்லை, தபாலில் அனுப்பிவிடலாம்.

கிளப்பில் கார் நிறுத்த வசதி, வயதானவர்களுக்கு லிப்ட் என்றார் ஒரு அக்கா. உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த நெடுஞ்சாலையில் எப்படி இறங்கி நடப்பது?

"வந்த இடத்தில் நன்றியோடு இருங்கள்" என்று எழுதியவருக்கு என்ன சொல்ல? விண்ணப்பத்துக்கே ஐந்நூறு டொலருக்கு மேல் கட்டியிருக்கிறோம். வரி கட்டுகிறோம், இரவு ஷிப்டில் வயோதிபர் இல்லங்களில் வேலை செய்கிறோம். நன்றி எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நல்ல இடம் கேட்பது நன்றிகெட்டதனம் என்றால், அண்ணி எத்தனை வருஷத்துக்கு விருந்தாளியாகவே இருக்க வேண்டும்?

இடமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். நூலகத்தின் மேல்மாடி இருக்கிறது. அரச உயர்பள்ளி மண்டபத்தில் சனிக்கிழமைகளில் எங்கள் தமிழ்ப் பாடசாலைக் கலைவிழாவே நடக்கிறது. இரண்டும் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்.

அடுத்த வைபவத்துக்கு அழைப்பு வந்திருப்பவர்கள் மேயருக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். ஆங்கிலம் கஷ்டம் என்றால் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், நான் மாற்றித் தருகிறேன்.