ஜான் லார்டின் ஆர்கனை விட்டுவிட்டீர்களே
1993-இல் கிட்டார்காரர் ரிச்சி பிளாக்மோர் விலகியதோடு டீப் பர்ப்பிள் ராக் இசைக்குழுவின் ஒலியே போய்விட்டது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒலியில் சரிபாதி குழுவின் ஆர்கன்காரர் ஜான் லார்டுடையது. ஹேமண்ட் என்ற மின் ஆர்கனை லெஸ்லி என்ற சுழலும் ஸ்பீக்கர் வழியாக வாசிப்பதுதான் அன்றைய வழக்கம். லார்டு அதைக் கிட்டாருக்கான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார், ஆர்கன் கிட்டாருக்குச் சமமாக உறும ஆரம்பித்தது. ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ பாட்டின் தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கிட்டார் மட்டும், அப்புறம் டிரம்ஸின் ஹை-ஹாட் சிம்பல் சேர, அதே ரிஃப்பை, அதாவது திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டை, ஆர்கனும் பிடித்துக்கொள்ளும். பாட்டு கனம் பெறுவது அந்த இடத்தில்தான். ‘ஹைவே ஸ்டார்’ பாட்டிலும் முதல் சோலோ (தனி வாசிப்பு) ஆர்கனுக்கு, கிட்டார் சோலோ அதற்குப் பிறகுதான். என் அண்ணன் அவர்களின் ‘மேட் இன் ஜப்பான்’ கேசட்டைப் போட்டால் ‘லேஸி’ பாட்டு தொடங்கும்போது மட்டும் வால்யூமைக் கூட்டிவிடுவான், அந்த ஆர்கனுக்காகவே. சமையலறையிலிருந்து அம்மா சத்தம் போடுவது அவன் காதில் விழவே விழாது. மேலே கருத்து எழுதிய ஒரு நண்பர், இப்போது மிஞ்சியிருப்பது பேர் மட்டும்தான் என்கிறார். 1968-இல் டிரம்ஸில் உட்கார்ந்த இயன் பெய்ஸ் இன்னும் எழவில்லையே! 2002-இல் லார்டு விலகியதும் வந்த டான் ஏரியும் ஹேமண்டை விடவில்லை. புது கிட்டார்காரர் சைமன் மெக்பிரைடோடு 2024-இல் ஆல்பமும் போட்டுவிட்டார்கள். நல்ல ஹெட்போனில் அதைக் கேட்டுவிட்டு எழுதுங்கள், பேசலாம்.