கணக்கை அழித்தால் குற்றவாளியா?

அக்கா தன் ஃபேஸ்புக் கணக்கை அழித்துவிட்டுப் போனது உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஏன் போனார் என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை. அவரே சொல்லாததை நான் சொல்வது நியாயமில்லை. என் கோபமெல்லாம் அக்கா போனதைப் பற்றிய பதிவுக்குக் கீழே நேற்று ராத்திரி வந்த ஒரு வரி மேல்தான். "மடியில கனம் இல்லேன்னா வழியில பயம் எதுக்கு?" அதற்கு நாற்பது பேர் சிரிக்கிறார்கள். அதில் சிலர் அக்கா கையால் சாப்பிட்டவர்கள்.

கணக்கை அழிப்பது தப்பை ஒத்துக்கொள்வது ஆகாது. குளிக்கப் போகும்போது தாழ்ப்பாள் போடுகிறோமே, எந்தக் குற்றத்தை மறைக்க? சட்டம் பேசுகிறவர்களுக்கும் சொல்கிறேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பு சொல்லியாயிற்று. காரணம் சொன்னால்தான் அந்த உரிமை கிடைக்கும் என்று யாரும் எழுதவில்லை.

"போறதுன்னா சத்தமில்லாம போக வேண்டியதுதானே, அறிவிப்பு எதுக்கு?" என்று ஒருவர். நாளைக்கே அக்கா படத்தை வைத்து எவனாவது புதுக் கணக்கு திறந்து உங்களிடம் பணம் கேட்டால்? அதற்காகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"டீஆக்டிவேட் பண்ணியிருக்கலாமே" என்கிறார்கள். அது வெறும் திரை போடுவது. படம், பதிவு எல்லாம் கம்பெனியிடம் அப்படியே இருக்கும். டெலிட் கொடுத்தால்கூட முப்பது நாள் காத்திருப்பு. நடுவில் வேண்டுமானால் உள்ளே வந்து நிறுத்திக்கொள்ளலாம். அப்புறம் மொத்தத்தையும் துடைக்கத் தொண்ணூறு நாள் வரை ஆகலாம் என்று ஃபேஸ்புக்கே சொல்கிறது. அதற்குப் பிறகும் அக்கா உங்களுக்கு அனுப்பிய மெசேஜ் உங்கள் இன்பாக்ஸில் இருக்கும். அதாவது மிச்சம் இருப்பது நம் கையில். அந்த மிச்சத்தைத்தான் நேற்று ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

"எல்லாம் எப்பவோ போயாச்சு, இனி அழிச்சு என்ன பிரயோஜனம்?" இது பாதி உண்மை. 2021-இல் ஐம்பது கோடிக்கும் மேற்பட்ட ஃபேஸ்புக் பயனர்களின் போன் நம்பர் இணையத்தில் இறைந்து கிடந்தது. என் நம்பரும் இருந்திருக்கலாம். நேற்று ஒழுகியது என்பதற்காக இன்றைக்கும் கூரையைப் பிரித்தே வைத்திருக்க வேண்டுமா?

எனக்கு இது ஏன் இவ்வளவு சுடுகிறது என்றால், போன வருஷம் என் பெண்ணுக்கு பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. நல்ல மார்க். சித்தப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மார்க் லிஸ்ட்டை அப்படியே போட்டோ எடுத்து எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். பெயர், பள்ளிக்கூடம், பதிவு எண், பிறந்த தேதி எல்லாம் அதில் இருந்தன. வாழ்த்துச் சொல்ல என் வீட்டு நம்பரும் கீழே. அன்றைக்குச் சாயங்காலமே காலேஜ் சேர்த்துவிடும் ஏஜென்ட்டுகளின் போன் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒருவன், அவள் பெயரைச் சொல்லி, "பாப்பா தூங்கிட்டாளா?" என்று கேட்டான். ஏஜென்ட் இல்லை, குரலிலேயே தெரிந்தது. அதற்குப் பிறகு எந்தப் போன் அடித்தாலும் என் பெண் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவாள். எடுத்துவிடுங்கள் சித்தப்பா என்று கேட்டதற்கு, "நான் என்ன வேத்தாளா?" என்று கோபித்துக்கொண்டு நாலு மாதம் வீட்டுப் பக்கமே வரவில்லை. கேட்ட நான்தான் கெட்டவள்.

"அப்ப நீ மட்டும் ஏன் இங்க இருக்கே?" கேட்பீர்கள், தெரியும். என் தையல் ஆர்டர் பாதி இங்கிருந்துதான் வருகிறது. சோறு போடும் இடம். இருந்துகொண்டே பேசக் கூடாது என்று எதுவும் இல்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாக ஐசியுவில் கிடந்தபோது உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்து, "பிரார்த்தனை செய்யுங்கள்" என்று குடும்ப குரூப்பில் போட்டார். மூக்கில் குழாய், நெற்றியில் பொட்டில்லை, முடி கலைந்து கிடக்கிறது. தலை வாரிப் பொட்டு வைக்காமல் பால்காரருக்குக்கூடக் கதவு திறக்காதவள் என் அம்மா. அதை எடுங்கள் என்று சொல்ல அவளால் முடியவில்லை. நான் சொன்னேன், யாரும் கேட்கவில்லை.

அக்காவால் முடிந்தது, அவர் செய்துவிட்டார். அவருடைய பழைய படங்கள், மெசேஜ்கள் யார் போனில் இருந்தாலும் தயவுசெய்து இன்றைக்கே அழித்துவிடுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம். அந்த குடும்ப குரூப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அம்மா படத்தையும்.