ஆமணக்குச் செடிக்காக ஒரு சண்டை

எட்டு வயதில் மறைக்கல்வி வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்தது உள்ளங்கை அளவு புனிதர் படம் ஒன்று. தாடிக் கிழவர் ஒருவர் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். காலடியில் ஒரு சிங்கம் வீட்டு நாய்போலப் படுத்திருக்கிறது. சுவரில் கர்தினாலின் சிவப்புத் தொப்பி தொங்குகிறது. "அர்ச்சியசிஷ்ட எரோணிமுஸ்" என்று பாட்டி எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். இன்றைய வழக்கில் புனித ஜெரோம்.

அந்தப் படத்தில் நம்பத்தக்கது எழுதுகோல் மட்டும்தான் என்று பின்னாளில் தெரிந்தது. சிங்கம் யோர்தான் கரைத் துறவி கெராசிமுஸின் கதையில் வருவது. பெயர்கள் காதுக்கு ஒன்றுபோல ஒலித்ததால் இவர் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கர்தினால்களுக்குச் சிவப்புத் தொப்பி கிடைத்ததே 13ஆம் நூற்றாண்டில்தான். இவர் பெத்லகேமில் இறந்தது 420இல்.

சிங்கம் இருந்துவிட்டுப் போகட்டும். என் மனத்தாங்கல் மறையுரைகளோடு. ஆண்டுதோறும் செப்டம்பர் 30 அன்று, விவிலியத்தை லத்தீனுக்குக் கொண்டுவந்த தவசீலர் என்று பத்து நிமிடம் புகழ்கிறார்கள். 2017இல் ஐ.நா. சபை அந்த நாளையே பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாளாக ஏற்றுக்கொண்டதைச் சிலர் சேர்த்துச் சொல்வார்கள். மனிதர் மகா கோபக்காரர், வாய் நிறைய விஷம் வைத்திருந்தவர் என்பதை மட்டும் மூச்சு விடமாட்டார்கள்.

இளமைத் தோழர் ருஃபீனுஸோடு, பழைய கிரேக்க இறையியலாளர் ஓரிகனின் கருத்துகளை முன்னிட்டு முறைத்துக்கொண்டார். ருஃபீனுஸ் சிசிலியில் இறந்துபோனார். நம் ஊரில் சாவு வீட்டு வாசலில் பகையை விட்டுவிடுவோம். இவரோ எசேக்கியேல் நூல் விளக்கவுரையின் முன்னுரையில், தேள் சிசிலி மண்ணுக்கடியில் நசுங்கிக் கிடக்கிறது என்று எழுதி வைத்தார். எழுதியவர் புனிதர்!

இந்தக் குணத்தை இழைப்புளி போட்டுச் சீவிவிட்டால் அவருடைய வேலையும் புரியாமல் போய்விடும் என்பதுதான் என் வாதம். ஒரு சொல்லுக்காக ஊரையே பகைத்துக்கொள்ளும் ஆள்தான், கிரேக்கத்திலிருந்து வந்த பழைய லத்தீன் பெயர்ப்பு போதாது என்று எபிரேய மூலத்துக்கே போவார். பெத்லகேமில் பாரனினாஸ் என்ற யூத ஆசிரியர், தம் மக்களுக்கு அஞ்சி இரவில் வந்து அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

செடிக்கு வருகிறேன். விவிலியத்தில் இறைவாக்கினர் யோனா நினிவே நகருக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது கடவுள் ஒரு செடியை முளைக்கச் செய்கிறார். பழைய லத்தீனில் அது சுரைக்கொடி. எரோணிமுஸ் அதை, சுவரைப் பற்றிப் படரும் ஐவிக்கொடி என்று மாற்றினார். ஓயே நகரில், அதாவது இன்றைய திரிப்போலியில், ஆயர் ஒருவர் இந்தப் புதிய பெயர்ப்பைக் கோயிலில் வாசிக்கச் செய்தார். மக்கள் கொதித்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த சுரைக்கொடி எங்கே? உள்ளூர் யூதர்களைக் கேட்டார்கள். பழையதுதான் சரி என்றார்கள் அவர்கள். மந்தையே கலைந்துவிடும் நிலை வந்ததும் ஆயர் பழைய சொல்லுக்கே திரும்பினார். இதை 403இல் எரோணிமுஸுக்கு எழுதித் தெரிவித்தவர் சாதாரண ஆள் அல்லர், வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தீனார்.

பதில் சுடச்சுட வந்தது. அந்த யூதர்கள் ஒன்று எபிரேயம் அறியாதவர்கள், இல்லையென்றால் உங்கள் சுரைக்காய்க்காரர்களைக் கேலி செய்யப் பொய் சொன்னவர்கள் என்றார். ஆனால் வசவுக்கு நடுவில் அவர் தரும் செய்தி அருமையானது. எபிரேயத்தில் அதன் பெயர் கிகாயோன். திராட்சை இலைபோல அகன்ற இலை. பற்றிப் படராமல் தன் தண்டிலேயே நிற்கும். பாலஸ்தீனத்து மணற்பாங்கான இடங்களில் விதை விழுந்த சில நாளில் குட்டி மரமாகிவிடும். இதற்கு லத்தீனில் பெயர் இல்லை. மூலச்சொல்லையே போட்டால் எவருக்கும் புரியாது, சுரை என்றால் மூலத்தில் இல்லாததைச் சொன்னதாகும், எனவே பிற மொழிபெயர்ப்பாளர்களை ஒட்டி ஐவி என்றேன் என்கிறார்.

தமிழ் வாசகருக்கு இந்நேரம் செடி தெரிந்திருக்கும். நம் பைபிளைத் திறந்து பாருங்கள், யோனா நான்காம் அதிகாரம்: ஆமணக்குச் செடி. லத்தீனில் அவருக்குக் கிடைக்காமல் போன சொல், நம் வீட்டில் விளக்கெண்ணெய்ப் புட்டியில் இருந்தது.

வெகுகாலம் நான் எரோணிமுஸ் கட்சி. ஓயே மக்களைப் பழமைவாதிகள் என்று நினைத்தேன். என் பாட்டி சாகும்வரை "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்றுதான் செபித்தார். கோயில் முழுக்க "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லும்போது அவர் குரல் மட்டும் வேறு தடத்தில் ஓடும். பிரியதத்தம் என்றால் என்ன என்று கேட்டேன். "அது மாதாவுக்குத் தெரியும்" என்றார். எரோணிமுஸ் பெயரால் நிற்கும் லத்தீன் விவிலியத்தின் 'கிராசியா பிளேனா'தான் அந்தப் பிரியதத்தம். ஒரு சொல்லைப் பெயர்த்தெடுத்தால் அதோடு என்னென்ன வேர் வரும் என்று ஓயேக்காரர்களுக்கும் பாட்டிக்கும் தெரிந்த அளவுக்கு அவருக்குத் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. இலக்கணத்தில் அவர் பக்கம்தான் இருக்கிறேன். வழக்கில் இல்லை.

பவுலாவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நானும் அந்த மறையுரைக்காரர்களில் ஒருவனாகிவிடுவேன். உரோமையின் செல்வக் குடும்பத்து விதவை. ஐந்து பிள்ளைகளின் தாய். பெத்லகேமில் மடங்கள் எழுந்தது அவர் பணத்தில். எபிரேயம் கற்று, லத்தீன் வாடையே இல்லாமல் திருப்பாடல்களை அந்த மொழியில் பாடினார். விளக்கம் கேட்டுக் கேட்டு எரோணிமுஸை எழுத வைத்தவர்களில் அவரும் மகள் எவுஸ்தோக்கியும் முக்கியமானவர்கள். பெண்களுக்கு நூலைக் காணிக்கையாக்குகிறாரே என்று சிரித்தவர்களுக்கு விவிலியத்தின் பெண் இறைவாக்கினர்களான தெபோராவையும் உல்தாவையும் காட்டிப் பதிலடி கொடுத்தார் எரோணிமுஸ். அந்தச் சூட்டுக்காக அவரை எனக்குப் பிடிக்கும். ஆனால் 384இல் பவுலாவின் இளம் மகள் பிளெசில்லா இறந்தபோது, அளவுக்கு மீறி அழுகிறாய் என்று தாயைக் கடிந்து எழுதினாரே, அந்தக் கடிதத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

404 சனவரியில் பவுலா இறந்தார். இருந்ததையெல்லாம் கொடுத்துத் தீர்த்திருந்ததால் மகளுக்கு மிஞ்சியது கடன். அவர் நினைவாக எழுத உட்காரும்போதெல்லாம் விரல்கள் விறைத்துப்போயின, கை தளர்ந்து விழுந்தது என்கிறார் எரோணிமுஸ். கடைசியில் இரண்டு இரவுகளில் வாயால் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார்.