அடகுச் சீட்டு யார் கையில் இருக்கிறது?

இருபது வருஷம் குடும்பம் நடத்திய பெண் மனம் கசந்து பேச வந்தால் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் சொல்வது, "அனுசரிச்சுப் போத்தா." அவள் புருஷனிடம் சொல்வது, "பொம்பளப் பேச்சை மனசுல வைக்காதப்பா." இரண்டு பேரும் வீட்டுக்குத் திரும்புவார்கள். ஒரு மாசம் அமைதி. பிறகு அதே சண்டை, அதே வார்த்தைகள். இந்த அறிவுரையை நாம் கைவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. நீண்ட தாம்பத்தியத்தில் சேருகிற கசப்புக்குப் பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும், ஒரு தொகை இருக்கும், கேட்காமல் எடுத்த ஒரு முடிவு இருக்கும். அதைத் தேடிப் பிடிக்காமல் "பொறு, பொறு" என்றால் எதைப் பொறுப்பது என்றே தெரியாமல் இரண்டு பேரும் மூப்படைகிறார்கள்.

ராமநாதபுரம் கரையில் விசைப்படகில் மீன்பிடிக்கிறவர்களின் வீடுகளைப் பாருங்கள். கிழக்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். முன்பு 45 நாளாக இருந்தது. ராமேஸ்வரத்தில் மற்ற மாதங்களில் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை சேர்கிற மனுஷன் இந்த 61 நாளும் வீட்டிலேயே இருக்கிறார். சண்டை அதிகம் கேட்பதும் இந்த நாள்களில்தான். "ஆம்பள வீட்டுல சும்மா இருந்தா சண்டைதான்" என்று ஊரே சொல்கிறது. அது பாதி உண்மை. சும்மா இருப்பதால் சண்டை வெளியே வருகிறது. காரணம் போன வருஷத் தடைக்காலத்திலேயே விழுந்தது.

நாட்டுப்படகுக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை, காற்றுதான் தடை. தென்கடல் என்கிற மன்னார் வளைகுடாக் கரையில் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் வரைக்கும் ஆனி ஆடிக் காற்று அடித்தால் படகு மணலில் கிடக்கும். வடகடல் என்கிற பாக் நீரிணைப் பக்கம் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, மோர்ப்பண்ணை, தொண்டியில் ஐப்பசி தாண்டி வாடை பிடித்தால் அதே நிலைமை. மாதம் மாறுகிறது, வீட்டுக்குள் நடப்பது ஒன்றுதான்.

நடப்பது என்ன? தடைக்காலத்தில்தான் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பார்கள். மக்கிய பலகையை மாற்ற வேண்டும், இன்ஜினை இறக்கிப் பார்க்க வேண்டும், வலை சரிசெய்ய வேண்டும். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய். அது அரிசி, மளிகையிலேயே தீர்ந்துவிடும். மராமத்துக்கு லட்சங்கள் வேண்டும். அப்போது கை நீளுவது பீரோவுக்குள் இருக்கிற நகைப் பெட்டிக்கு. ஐந்து பவுன், அதாவது 40 கிராம், அவள் அம்மா வீட்டில் போட்டது. "தொழில் தொறந்ததும் மொத வேலையா மீட்டுத் தர்றேன்" என்கிறார். இதை அவர் ஏமாற்றச் சொல்லவில்லை. சொல்லும்போது மனசாரத்தான் சொல்கிறார்.

ஆனால் ஜூன் 15க்குப் பிறகு எல்லாப் படகும் ஒரே வேளையில் இறாலோடு வந்து நிற்கும். வியாபாரி விலையை இறக்குவார். வந்த பணம் டீசல் பாக்கிக்கு, ஐஸ் பாக்கிக்கு, முன்பணம் கொடுத்தவருக்கு, ஆள்களின் பங்குக்கு என்று போகும். நகை கடைசி வரிசையில் நிற்கும், ஏனென்றால் அதற்குக் கடன் கொடுத்தவள் வாசலில் வந்து நின்று கேட்க மாட்டாள்.

ஆவணியில் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம் வருகிறது. நகையைக் கொடுத்த மனைவி தன் தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக்கொள்கிறாள். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் வாங்கிய கவரிங் செயினை மேலே போட்டு, கழுத்தை மறைக்கிற மாதிரி முந்தானையை இழுத்துப் பின் குத்துகிறாள். மண்டபத்தில் நாத்தனார் "வாங்க மயினி" என்று கையைப் பிடிக்கும்போது அந்தக் கண் ஒரு நொடி கழுத்தில் இறங்கி ஏறுகிறது. யாரும் எதுவும் கேட்பதில்லை. புருஷன் பந்தியில் ஓடியாடி நிற்கிறார், அவருக்கு இது எதுவும் தெரியாது. அன்று ராத்திரி வீட்டில் குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அவர் சொல்ல, பெரிய சண்டை வருகிறது. உப்புக்கா இவ்வளவு பேச்சு என்று அவர் திகைத்துப் போகிறார். பத்து வருஷம் கழித்தும் அவருக்கு அது உப்புச் சண்டைதான். அவளுக்கு அது கழுத்துச் சண்டை.

இதைத் தடுக்க முடியும், வழியும் சிக்கலானதில்லை. முதலில், நகையை மொத்தமாக ஒரே அடகுச் சீட்டில் வைக்காதீர்கள். தாலிச் செயினைத் தனியாக, வளையலையும் கம்மலையும் தனியாக, இரண்டு சீட்டாகப் போடுங்கள். ஒரே சீட்டு என்றால் முழு அசலும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். இரண்டு சீட்டு என்றால் எது விசேஷத்துக்கு வேண்டுமோ அதை முதலில் மீட்கலாம். கடன் அவள் பெயரில் இருக்கட்டும், சீட்டும் அவள் கையில் இருக்கட்டும். கெடு தாண்டினால் ஏல நோட்டீஸ் வரும். அது புருஷன் சட்டைப்பையில் மடங்கிக் கிடந்து, பக்கத்து வீட்டுக்காரர் வாயால் அவளுக்குத் தெரிய வந்தால் அந்தக் காயம் நகையை மீட்ட பிறகும் ஆறாது.

வட்டியை இரண்டு பேரும் சேர்ந்து கணக்குப் போடுங்கள். நூற்றுக்கு மாசம் ஒரு ரூபாய் என்றால் ஒரு லட்சத்துக்கு வருஷம் 12,000. இரண்டு ரூபாய் வட்டிக் கடையில் 24,000. தொழில் தொடங்கியதும் ஒரு நடைக்கு 2,000 என்று எடுத்து அவளிடம் கொடுத்தால், மாசம் 12 நடை கிடைத்தால் 24,000. நாலு மாசத்தில் அசலை நெருங்கிவிடும். மீன்பாடு இல்லாத நாளில் 200 ரூபாயாவது கொடுங்கள். நின்றுபோகாமல் கொடுப்பதுதான் முக்கியம், தொகை அப்புறம். மீட்க முடியாது என்று தெரிந்தால் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். முந்தின நாள் ராத்திரி அவள் "எப்பத்தான் மீட்டுத் தரப் போறீக?" என்று கேட்டு, இவர் "இப்ப இந்தப் பேச்சு தேவையா?" என்று கேட்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. மன்னிப்புக் கேட்பதாக இருந்தாலும் பொதுவாக "தப்புதான், விடு" என்று சொன்னால் அது எங்கும் போய்ச் சேராது. எந்தக் கல்யாணம், எந்தச் செயின், யார் முன்னால் அவள் தலை குனிந்தாள் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

அடுத்த கசப்பு வேலையைப் பற்றியது. "நான்தான் எல்லாம் செய்யிறேன்" என்று இரண்டு பேருமே நம்புகிறார்கள், இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. 1979இல் மைக்கேல் ராஸ், பியோரே சிகோலி என்ற இரண்டு உளவியலாளர்கள் தம்பதிகளைத் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இரண்டு பதிலையும் கூட்டினால் பெரும்பாலும் நூறு சதவீதத்தைத் தாண்டியது. அவரவர் செய்தது அவரவருக்கு நன்றாக நினைவிருக்கிறது, அடுத்தவர் செய்தது கண்ணிலேயே படுவதில்லை. ஆகவே யார் அதிகம் என்று வாதாடி ஜெயிக்க முடியாது. அதே சமயம் இரண்டு பக்கமும் சமம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2019இல் இந்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள், ஆண்கள் 97 நிமிஷம்.

பாம்பன் சின்னப்பாலத்திலிருந்து தெற்கே கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களை நினைத்துப் பாருங்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் போவார்கள். பாறையும் பவளமும் கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுத்துவிட்டு வந்து, அந்தக் கையோடு மிளகாய் அரைக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரலில் மிளகாய் பட்டால் எப்படி எரியும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் புருஷனுக்கு அடுப்பு வேலை தெரியாது என்பதும் இல்லை. விசைப்படகில் சோறாக்கி மீன் ஆய்ந்து குழம்பு வைப்பது ஆண்கள்தான். கரை இறங்கியதும் அந்தக் கை அடுப்படிக்குப் போவதில்லை.

இங்கே "கூடமாட ஒத்தாசை செய்யுங்க" என்பது உதவாத யோசனை. ஒத்தாசை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அதுவே தனி வேலை. ஒரு வேலையை முழுசாகக் கைமாற்றுங்கள். பாசிக்குப் போகிற நாளில் ராத்திரிச் சாப்பாடு புருஷன் பொறுப்பு என்றால் அரிசி இருக்கிறதா என்று பார்ப்பதிலிருந்து சட்டி கழுவுவது வரை அவர்தான். முதல் ரெண்டு வாரம் குழம்பு நன்றாக வராது. அப்போது வாயை மூடிக்கொள்வது அவளுடைய பங்கு. "தள்ளுங்க, நானே செஞ்சுக்குறேன்" என்று கரண்டியைப் பிடுங்கினால் அந்த வேலை அதன்பிறகு அவளிடமே நின்றுவிடும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கசப்பு வேறு மாதிரி. மச்சான் என்று அவள் கூப்பிடுகிற புருஷன் துபாயிலோ சவூதியிலோ இருக்கிறார், விடுப்பு கிடைத்தால் ஒன்றிரண்டு மாசம் வருகிறார். கீழக்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்கு அழைக்கிற வழக்கமும் உண்டு என்பதால், வீடு அவளுடையது, நிர்வாகமும் அவளுடையது. முதல் வாரம் விருந்தும் பெட்டி பிரிப்பும். இரண்டாவது வாரம் முடியும்போது "பிள்ளைக்கு ஏன் இந்த ஸ்கூல், இந்த ஆளுக்கு ஏன் கடன் கொடுத்தே" என்று விசாரணை ஆரம்பிக்கும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது, பணம் அவர் வேர்வை. அவள் பக்கம் நியாயம் இன்னும் கூடுதல்; பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளில் முடிவெடுத்தவள் அவள். வந்த முதல் பத்து நாளைக்கு வீட்டில் எந்த முடிவையும் மாற்றாதீர்கள் என்பதே நான் சொல்வது. பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். கேட்பதாக இருந்தால் "ஏன் செஞ்சே" என்று கேட்காமல், "அப்ப என்ன நடந்துச்சு" என்று கேளுங்கள். ஐம்பத்தைந்து வயதில் ஒரேயடியாகத் திரும்பி வருகிறவர்களுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். அவருக்கு அந்த வீட்டில் உட்கார ஒரு நாற்காலியும் செய்ய ஒரு வேலையும் இல்லாமல் போனால், குறை கண்டுபிடிப்பதே வேலையாகிவிடும்.

இவ்வளவு கசப்பைச் சொன்ன பிறகு அன்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயதாக ஆக அன்பு வற்றும் என்று பலர் முடிவே கட்டிவிட்டார்கள். கலிபோர்னியாவில் ராபர்ட் லெவன்சன் குழுவினர் நீண்ட காலம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளை 13 வருஷம் பின்தொடர்ந்தார்கள். நடுவயதினர் குறைந்தது 15 வருஷம், மூத்தவர்கள் குறைந்தது 35 வருஷம் குடித்தனம் நடத்தியவர்கள். மனஸ்தாபமான விஷயத்தைப் பேச வைத்து, பேசும் விதத்தைப் பதிவு செய்தார்கள். வருஷம் ஏற ஏற குத்தலும் குறைகூறலும் குறைந்தன, சிரிப்பும் பிரியமும் கூடின. பிரியாமல் தங்கியவர்களின் கணக்கு இது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் எனக்கு இது நம்பிக்கை தருகிறது.

நம் கரையில் இந்த அன்பு வேறு உருவத்தில் இருக்கும், கவனிக்கத் தெரிய வேண்டும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றியதாகக் கேள்விப்பட்டதும் எத்தனாம் நம்பர் என்று மருமகனிடம் கேட்டுவிட்டு, கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே போகிற அறுபது வயதுப் பெண். மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து தானும் சீனி போடாமல் டீ குடிக்கிற புருஷன். இப்படிப்பட்டவர்கள் ஒருவரை ஒருவர் மன்னித்தே முடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். 1990களின் சங்கதி ஒன்றை இன்றைக்கும் எடுத்து விடுவார்கள். அதோடுதான் அன்பும் இருக்கிறது.

ஒன்றைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும். அடி விழுகிற வீட்டுக்கும், குடித்துவிட்டு வந்து பணத்தைப் பிடுங்குகிற வீட்டுக்கும், பிள்ளைகள் முன்னால் நாள் தவறாமல் இழிவாகப் பேசுகிற வீட்டுக்கும் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அங்கே சீட்டைப் பிரிப்பதும் சமையலைக் கைமாற்றுவதும் பலன் தராது. 2005ஆம் வருஷக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார், 181க்கு எந்த நேரத்திலும் பேசலாம். அந்தப் பெண்ணிடம் போய் அனுசரிக்கச் சொல்வது அவளுக்குச் செய்கிற துரோகம்.

புருஷன் பொண்டாட்டிக்குள் கணக்கா, தேதியா, சீட்டா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஐஸ் கம்பெனிக்கு எத்தனை பார் பாக்கி, எந்த ஆளுக்கு எவ்வளவு முன்பணம், வியாபாரி போன ஏலத்தில் எவ்வளவு பிடித்துக்கொண்டார் என்று படகுக்காரர் நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். அதை யாரும் அன்பில்லாத செயல் என்று சொன்னதில்லை. அந்த நோட்டில் இதுவரை பெயர் ஏறாத கடன்காரி ஒருத்தி வீட்டிலேயே இருக்கிறாள். இந்த ஏப்ரலில் படகைக் கரையேற்றுவதற்கு முன்னால் அவளுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, போன வருஷப் பாக்கியை அவளையே சொல்லச் சொல்லி எழுதுங்கள்.