சூப்பர்வைசர் என்றால் சும்மா நிற்கிறவனா?

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தது தெரிந்தும் ஏழு பேர் எனக்கே அந்த வீடியோவை அனுப்பியிருக்கிறார்கள். "இவர் சூப்பர்வைசர். கையைக் கட்டிக்கொண்டு நிற்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்" என்றார் மேடையில் பேசிய பேராசிரியர், தொழிற்சாலை சூப்பர்வைசரான என்னைக் காட்டி. கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்ய?

அதில்கூட எனக்கு வருத்தமில்லை. (பொய். இருக்கிறது.) ஆனால் அடுத்த பத்தே நிமிடத்தில் அதே மனிதர் தன் முனைவர் பட்டக் கதைக்கு வந்தார். "என் சூப்பர்வைசர் இல்லையென்றால் நான் இல்லை" என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். அதற்குக் கைதட்டல். ஒரே மேடை, ஒரே வாய், ஒரே சொல். அவருடைய சூப்பர்வைசர் தெய்வம், நான் ஜோக்.

லத்தீனில் 'சூப்பர்' என்றால் மேலே, 'விதேரே' என்றால் பார்ப்பது. சொல்லுக்குள் இருப்பது அவ்வளவுதான். பல்கலைக்கழகத்துக்குள் போனால் அதற்கு 'நெறியாளர்' என்று அழகான தமிழ் கிடைக்கிறது. தேர்வு அறையில் 'கண்காணிப்பாளர்'. சான்பிரான்சிஸ்கோவில் நகரத்துக்குச் சட்டம் போடும் 11 பேருக்கே சூப்பர்வைசர்கள் என்றுதான் பெயர். மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். கம்ப்யூட்டரையும் விடவில்லை. 1964-இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 இயந்திரத்தில் இரண்டு நிலைகள் உண்டு. எல்லா அதிகாரமும் உள்ளது சூப்பர்வைசர் நிலை, சாதாரண புரோகிராம்கள் ஓடுவது 'பிராப்ளம்' நிலை. என்னுடைய சில ஷிப்டுகளும் அப்படித்தான் போயிருக்கின்றன, அது வேறு விஷயம். இத்தனை இடத்தில் மரியாதையாக உலவுகிற சொல், தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் 'சும்மா நிற்கிறவன்' ஆகிவிடுகிறது.

பார்ப்பது வேலைதான் ஐயா. நம் மொழிக்கு இது தெரியும். 'எங்கே வேலை பார்க்கிறீர்கள்' என்றுதானே கேட்கிறோம்? வைத்தியம் பார்க்கிறோம், பிரசவம் பார்க்கிறோம், கணக்குப் பார்க்கிறோம். இதிலெல்லாம் யாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதில்லை. தமிழில் இவ்வளவு புலமை உள்ளவருக்கு இது எப்படித் தோன்றாமல் போனது என்றுதான் தெரியவில்லை.

நான் சூப்பர்வைசரான முதல் மாதம். தகட்டை அடித்து வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ்ஸில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாது என்பதற்காக. வேகமாக எண்ணிக்கை காட்ட நினைக்கிற பையன்கள் ஒரு பட்டனில் ஆப்பு வைத்துவிட்டு, ஒரு கையால் அழுத்தி மறு கையால் தகட்டை வைப்பார்கள். அன்று நான் கையைக் கட்டிக்கொண்டுதான் நின்றேன். எங்கோ தாளம் மாறிக் கேட்டது. ஆறாவது பிரஸ், அடி நெருங்கி விழுந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் மெயினை அணைத்தேன். பையனின் இடது கை உள்ளே இருந்தது. அவன் என்னை முறைத்தான். அன்றைய எண்ணிக்கை குறைந்துபோனதற்கு எனக்குத் திட்டும் கிடைத்தது. நடக்காத விபத்தை எந்தப் பதிவேட்டில் எழுதுவது?

"சூப்பர்வைசர்களில் கொடுமைக்காரர்கள் இல்லையா" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். 'கங்காணி' என்ற சொல்லே கண்ணை வைத்துப் பிறந்ததுதான். இலங்கை, மலேயாத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்துக் கொண்டுபோய், தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, கடனில் அமுக்கிவைத்த கங்காணிகளை நான் மறைக்கவில்லை. அந்தப் பாவம் இந்தச் சொல்லின் மேல் இருக்கிறது. சரி. ஆனால் ஆய்வு மாணவர்களைத் தன் வீட்டு வேலைக்கு அனுப்பும் நெறியாளர்கள் இல்லையா? அவர்களை வைத்து யாராவது மேடையில் ஜோக் சொல்கிறார்களா?

"கேமரா இருக்கும்போது ஆள் எதற்கு" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கேமரா பார்க்கும். பார்த்துக்கொள்ளாது. இதற்கு மேல் பதில் கிடையாது.

"ஒரு ஜோக்குக்கு இவ்வளவா?" ஆமாம், இவ்வளவுதான். ஏனென்றால் ஜோக் ஒரு நாள்தான், நிலைமை தினமும். பதவி உயர்வு வந்த அன்று தொழிற்சங்க அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். 1947-ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டம், மேற்பார்வை வேலை பார்த்துக் குறிப்பிட்ட சம்பளத்துக்கு மேல் வாங்குகிறவனைத் தொழிலாளி இல்லை என்றது. அந்த வரம்பு பல வருடம் 1,600 ரூபாயாகவே கிடந்தது. 2010-இல்தான் 10,000 ஆக்கினார்கள். அமெரிக்காவிலும் அதே 1947-இல் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம் வந்து, சூப்பர்வைசர்களுக்குச் சங்கப் பாதுகாப்பு கிடையாது என்று சொல்லிவிட்டது. பெயரை மட்டும் பார்க்காதே, உண்மையில் என்ன வேலை செய்கிறான் என்று பார் என நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன, உண்மைதான். கேன்டீனில் யார் நீதிமன்றத் தீர்ப்பைப் படிக்கிறார்கள்? நான் டிபன் பாக்ஸோடு போனால் பழைய கூட்டாளிகள் பேச்சை நிறுத்துவார்கள். மேலே மேனேஜர்கள் மேஜையில் எனக்கு நாற்காலி கிடையாது. இரண்டு வருடம் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து சாப்பிட்டேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை, இங்கே எழுதிவிட்டேன்.

பேராசிரியர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் பிரஸ்ஸைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஆறாவது பிரஸ் பையன் இப்போது பெரிய ஆள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். அந்த ஜோக்குக்கு அவனும் கைதட்டுவது வீடியோவில் தெளிவாகத் தெரிகிறது. இரண்டு கையாலும்தான் தட்டினான்.